மலை தாண்டி வந்த குறட்டை

"நீ சோபாவுல படுத்தும் கேட்டுச்சு" என்று லவோன் காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பாதிக் காபி கோப்பைக்கு வெளியே இருந்தது.

கணவர் ஆர்விட் மூக்கின்மேல் ஒட்டியிருந்த பட்டையை மெதுவாகப் பிய்த்தார். கூடவே கொஞ்சம் தோலும் வந்தது. அதை ஒட்டிக்கொண்டு படுத்தால் குறட்டை வராது என்று மருந்துக்கடையில் சொல்லியிருந்தார்கள். மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வரும் என்று இன்னொருவர் சொன்னதால், பனியனின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்திருந்தார் லவோன். மனிதர் ராத்திரி முழுக்க அந்தப் பந்தின் மேலேயே மல்லாந்து தூங்கி எழுந்திருந்தார்.

"கொஞ்சம்கூடக் குறையலையா?"

"குறையறதாவது. நீ எந்திரிச்சு சோபாவுக்குப் போயிட்ட. உன் குறட்டை மட்டும் இன்னும் கட்டில்லயே படுத்திருக்கு ஆர்விட். உன் பக்கத்துலேருந்தேதான் வருது."

ஆர்விட் ஸ்டென்ஸ்ருட் வடக்கு டகோட்டாவில் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் பனியை வாரிக் கொட்டி முதுகு ஒடிந்தது போதும் என்று புருஷனும் பெண்டாட்டியும் வீட்டை விற்று, நாற்பதடி நீள மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த பஸ். குளிர்காலம் வந்தால் அதை ஓட்டிக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள். இவர்களைப் போலவே வடக்கிலிருந்து வந்த இன்னும் பல கிழடுகள் கள்ளிச்செடிகளுக்கு நடுவே வண்டிகளை நிறுத்தி, அரைக்கால் சட்டையோடு வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கரண்டுக் கம்பி கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

பஸ் நின்றதும் ஆர்விட் வரிசை தவறாமல் வேலைகளைச் செய்வார். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். மட்டம் பார்ப்பார். பக்கச் சுவரை வெளியே தள்ளி அறையைப் பெரிதாக்குவார். தொட்டித் தண்ணீர் குழாயில் வருவதற்காக மோட்டார்ப் பொத்தானைத் தட்டிவிடுவார். பிறகு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் சரி, ஊருக்குக் கிளம்பும்வரை எதையும் தொடமாட்டார். சமையல் தொட்டிக் குழாய் சொட்டுகிறது, மாற்று என்று லவோன் நச்சரித்தபோதுகூட, அடியில் லவோனுடைய ஜெரேனியம் பூத்தொட்டியை நகர்த்தி வைத்து, "சொட்டு நீர்ப் பாசனம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

குறட்டை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்குள் காசு கொடுத்து நிறுத்தும் முகாம்களில், தண்ணீரையும் கரண்டையும் வெளியிலிருந்து இழுத்து மாட்டிக்கொண்டு தங்கும்போது, ஆர்விட் பச்சைக்குழந்தை மாதிரி தூங்குவார். பாலைவனத்துக்குள் வந்தால்தான் இந்த அழிச்சாட்டியம். வறண்ட காற்றில் மூக்கு வீங்கிக்கொள்கிறது என்பது லவோனின் கட்சி. பாலைவனத்து அமைதியில் இல்லாத சத்தமெல்லாம் காதில் விழும் என்பது ஆர்விட்டின் கட்சி.

ஊரில் தூக்க மருத்துவர் ஒருவரிடமும் போய்வந்தார்கள். உடம்பெல்லாம் ஒயரைச் சொருகி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். காலையில் டாக்டர், "இவர் தூக்கத்துல ஒரு குறையும் இல்லைங்க. ஒரு சின்ன சத்தம்கூட வரல" என்றார்.

"மூணாம் மனுஷங்க முன்னாடி எவ்வளவு ஒழுங்கா இருக்கான் பாருங்க" என்றார் லவோன்.

திரும்பி வந்ததும் அவர் கைப்பேசியில் குறட்டையைப் பதிவு செய்தார். காலையில் அதை ஆர்விட்டின் காதில் வைத்தார். ர்ர்ர்ர் என்று ஓர் உறுமல். பிறகு நீண்ட அமைதி. மறுபடி ர்ர்ர்ர். ஆர்விட் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கித் தாளம் போட்டுக் கேட்டார். அதுவரை, நான் குறட்டை விடுவதே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

"பி ஃப்ளாட்" என்றார்.

"என்னது?"

"நான் வாசிச்ச டிராம்போன் குழலோட சுருதி. ஒரு மயிரிழை விலகல. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல வந்து நிக்குது. நடுவுல இவ்வளவு நேரம் மூச்சை அடக்கணும்னா டிராம்போன் வாசிச்சவனாலதான் முடியும்." கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையுமாக ஒப்புக்கொண்டார். "நான்தான் லவோன். சந்தேகமே இல்லை."

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று எதிர்பார்த்தார், பாவம். ஆனால் இன்று, சோபாவும் உதவாது என்று தெரிந்துவிட்ட இந்தக் காலையில், லவோன் காபியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"ஃபார்கோவுல எங்க அக்கா மாவிஸ் வீட்டுக் கீழ்த்தளம் காலியா இருக்காம். அவளும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இந்த மாசம் முடியறவரைக்கும் பாக்கறேன் ஆர்விட். நீ பாலைவனத்தோட இரு. எனக்குத் தூக்கம் வேணும்."

லவோன் விளையாட்டுக்கு இப்படிப் பேசுகிறவர் இல்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இந்த வளைவில் திரும்பாதே, அந்த ஆளுக்கு வழி விடு என்று சொல்லிக்கொண்டு வர லவோன் இல்லாவிட்டால், அந்த நாற்பதடி பஸ்ஸை எங்கே ஓட்டிக்கொண்டு போவது? அவருக்கு லவோன் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அன்று மத்தியானமே நெடுஞ்சாலை ஓரத்தில் அவருக்கு வழி பிறந்தது. விற்பனைக்கு நின்ற ஒரு பிக்கப் லாரி, அதன் முதுகில் ஏற்றி வைத்த ஒரு குட்டி வீடு. அதற்குக் கேம்பர் என்று பெயர். உள்ளே ஒரு கட்டில், ஒரு கணப்பு, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கூரை. பஸ்ஸின் பின்னால் கட்டி இழுத்துவந்த லவோனின் சிவப்புக் காரைக் கொடுத்துவிட்டு அதை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என் காரு?" என்றார் லவோன்.

"உன் தூக்கத்துக்காகத்தான்."

முகாமில் வேறு கதை சொன்னார். "தொலைதூரப் பயணத்துக்குங்க. பஸ்ஸு போக முடியாத பாதை எவ்வளவு இருக்கு? பெரிய வண்டியை இங்க போட்டுட்டு, சின்னதை எடுத்துக்கிட்டு மலைக்குள்ள போயிரலாம்" என்றார். பெண்டாட்டி வெளியே படுக்கச் சொல்லிவிட்டாள் என்று எந்த ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொல்வான்? ஆண்கள் கூட்டமாக வந்து டயரை உதைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவரவர் மனைவி முறைத்ததும் கலைந்தார்கள்.

பக்கத்துப் பழைய டிரெய்லரில் தனியாக இருந்த ஓபல் மட்டும் டயரை உதைக்கவில்லை. கணவரைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார், உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருப்பார். அன்று கம்பளி நூலைக் கீழே வைத்துவிட்டுக் கேம்பரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல ராத்திரி குளிருமே?"

"கணப்பு இருக்குங்க."

"அப்ப சரி" என்று மறுபடி நூலை எடுத்துக்கொண்டார்.

கேம்பருக்கு இடம் வேண்டும் என்பதால் பஸ்ஸைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. "உன் வீட்டை நீ ஓட்டு, என் வீட்டை நான் ஓட்டிக்கிறேன்" என்று லவோன் முதல் முறையாக பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். யாராவது வண்டியைப் பின்னால் எடுக்கிறார்கள் என்றால் முகாமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிடும். அது அங்கே சினிமா மாதிரி. ஆர்விட் பின்னால் நின்று கையை ஆட்டினார். பேண்டு வாத்தியாரின் கை ஆயிற்றே, மெதுவாக என்பதற்கும் நிறுத்து என்பதற்கும் இசைக்குழுவுக்குக் காட்டுகிற சைகைகளே வந்தன. லவோன் அவற்றைக் கடைசிவரை வேகமாக என்று புரிந்துகொண்டார். இரண்டு நாற்காலியும் இறைச்சி சுடும் அடுப்பும் நசுங்கின. எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை கேம்பரிலிருந்து ஆர்விட் ஆவலோடு இறங்கி வந்தார்.

"எப்படி?"

"கேட்டுச்சு."

"ஜன்னலெல்லாம் மூடியிருந்தேனே."

"தகரம்தானே ஆர்விட். பக்கத்துலேயே நிறுத்திட்டு ஜன்னலை மூடினா ஆச்சா?"

அன்று கேம்பரை வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். பால் வாங்கக் கடைக்குப் போக வேண்டுமென்றால் இப்போது கட்டிலையும் கணப்பையும் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். பழைய காரை நினைத்து லவோன் பாலில்லாத காபியைக் குடித்தார்.

காலையில் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார் ஆர்விட். "இப்ப எப்படி?"

"இன்னும் நல்லாக் கேட்டுச்சு. நீ பக்கத்துல புரள்ற சத்தம்கூட இல்லையா, குறட்டை தனியா, தெளிவா வருது."

"நடுவுல ஓடை இருக்கு லவோன்."

"உன் குறட்டைக்கு நீந்தத் தெரியும்போல."

"அதுல தண்ணியே இல்லையே."

"அதனாலதான் நடந்து வந்திருக்கு."

அடுத்த நாள் குன்றுக்குப் பின்னால் போனார். அங்கிருந்து பார்த்தால் பஸ்ஸும் தெரியாது, ஊரும் தெரியாது. மறுநாள் காலை வாக்கிடாக்கியைக் காதில் வைத்தார்.

"அதே சத்தம்" என்றார் லவோன். குரலில் கோபம்கூட இல்லை. களைத்துப் போயிருந்தார். "குன்றுல பட்டு எதிரொலிக்குதுன்னு நினைக்கிறேன்."

ஆர்விட் அந்தக் குன்றை அண்ணாந்து பார்த்தார். பயமாக இருந்தது, பிரமிப்பாகவும் இருந்தது. 'இப்படி ஒரு நுரையீரல் நமக்கு இருக்குன்னு தெரியாமப் போச்சே' என்று நினைத்தார். தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்துப் பசங்களோடு மல்லுக்கட்டாமல் மினியாபோலிஸில் பெரிய இசைக்குழுவில் உட்கார்ந்திருக்கலாம்.

மாசம் முடியப்போகிறது. மிச்சமிருந்தது ஒரே இடம்தான். மேற்கே, மலைத்தொடருக்கும் அப்பால், கைவிட்ட பழைய சுரங்கம். அங்கே போகிற பாதையைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். லவோன் நாலு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தார். மனசுக்குள் அவருக்கும் அழுகையாகத்தான் இருந்தது.

"இதுக்கு மேல உன்னால போக முடியாது. இதுக்கு மேல என்னாலயும் முடியாது."

"இந்தத் தடவை கேக்காது பாரு" என்று ஆர்விட் வண்டியைக் கிளப்பினார். முகாம் ஆண்கள் வரிசையாக நின்று, தொலைதூரப் பயணம் போகிற வீரனுக்குக் கையசைத்தார்கள்.

சுரங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், மணலில், கேம்பரின் பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. வாக்கிடாக்கி அவ்வளவு தூரம் எட்டாது. கைப்பேசி அங்கே வெறும் கடிகாரம்.

மறுநாள் மத்தியானம் ஆகியும் ஆர்விட்டைக் காணோம். முகாமில் லேசாகக் கவலை கிளம்பியது. தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற காலஹன் என்பவர் தொப்பியோடு லவோனிடம் வந்தார்.

"தேடிப் போலாமாங்க?"

"எதுக்கு? நல்லாத் தூங்கறான். ராத்திரி பூரா கேட்டேனே."

"எதைக் கேட்டீங்க?"

"குறட்டையை."

காலஹன் மலையைப் பார்த்தார். மலைக்குப் பின்னால் இருந்த மலையையும் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, "எந்தத் திசையிலேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

லவோன் கட்டிலில் தான் படுக்கும் நிலையை நினைத்துப் பார்த்தார். ஆர்விட்டின் பக்கம் கிழக்கே இருந்தது. சத்தமும் அங்கிருந்துதான் வந்தது. கிழக்கே கையைக் காட்டினார். சுரங்கம் மேற்கே இருப்பது காலஹனுக்கும் தெரியும். ஆனாலும் சொந்தப் பெண்டாட்டி காதால் கேட்டுச் சொல்லும்போது மறுத்துப் பேச முடியுமா? ஆண்கள் நாலு பேர் கிழக்கே போய், ஒரு பெட்ரோல் பங்கைக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பினார்கள்.

அன்று ராத்திரியும் லவோனுக்குக் குறட்டை கேட்டது. "உயிரோட இருக்கானேன்னு நிம்மதியாவும் இருக்கு, வாயில துணியை அடைக்கலாம்போலவும் இருக்கு" என்று காலையில் ஓபலிடம் சொன்னார். ராத்திரி கேட்ட சத்தத்தைப் பற்றி ஓபலிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

ஓபல் பின்னுவதை நிறுத்தினார்.

"தொலைதூரப் பயணத்துக்குன்னுல்ல சொன்னாரு?"

"என்னத்தப் பயணம்? குறட்டைதாங்க காரணம். வெளிய சொல்ல அவனுக்கு வெக்கம்."

ஓபல் நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பழைய ஜீப்பில் இரண்டு கேன் தண்ணீரை ஏற்றினார். டயர்த் தடம் மேற்கே போயிருந்தது. அவரும் மேற்கே போனார்.

மத்தியானத்துக்கு மேல் ஜீப் திரும்பி வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆர்விட்டை லவோனுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மூக்கு வெயிலில் வெந்து உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. லவோன் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கைத்தாங்கலாக பஸ்ஸுக்குள் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தார். ஓபலும் பின்னாலேயே வந்து சமையல் மேடை ஓரமாக நின்றார்.

"ரெண்டு ராத்திரி" என்றார் ஆர்விட். "ஒரு பொட்டுத் தூங்கல லவோன். நரிங்க சுத்திச் சுத்தி வருதுங்க. கதவைச் சுரண்டுதுங்க. விடிய விடிய தகர டப்பாவைத் தட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அவர் தோளைப் பிடித்திருந்த லவோன் கையை எடுத்தார்.

"தூங்கலையா?"

"கண்ணை மூடல."

"ஆர்விட், ரெண்டு ராத்திரியும் நான் கேட்டேன்."

"எதைக் கேட்ட? நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அதே குறட்டை. அதே பி ஃப்ளாட்டு. என் காதால கேட்டேன்." லவோன் விலகி நின்றார். "குறட்டை விடறவனோட எப்படியோ காலம் தள்ளிரலாம். மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றவனோட முடியாது. இப்பக்கூட உனக்கு உண்மை சொல்லத் தோணலைல்ல?"

"சத்தியமா சொல்றேன். செத்துப் பொழச்சு வந்திருக்கேன். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

லவோன் மேல் அலமாரியிலிருந்து பெட்டியை இழுத்துக் கட்டில்மேல் போட்டார். துணிகளை மடிக்காமலே உள்ளே திணித்தார். ஆர்விட் தன் பக்கத்துக் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து, உரிந்த மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். லவோனும் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

பகலில் அவர்கள் பஸ்ஸுக்குள் இருப்பதே அபூர்வம். இருந்தாலும் ரேடியோ பாடும், இல்லாவிட்டால் இவர்கள் பேசுவார்கள். இருவரும் விழித்திருந்து, இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை. பஸ்ஸே அமைதியாக இருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு ஜெரேனியம் தொட்டியில் விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

ர்ர்ர்ர்.

லவோன் திடுக்கிட்டு ஆர்விட்டின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. ஆர்விட் மூக்கைப் பிடித்துக்கொண்டு லவோனைப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. ஆர்விட்டின் பக்கத்திலிருந்து, சரியாக அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியிலிருந்து, ஒரு மயிரிழைகூடச் சுருதி விலகாமல் வந்துகொண்டிருந்தது.

ஓபல் கையை நீட்டிச் சுவரில் இருந்த தண்ணீர் மோட்டார்ப் பொத்தானை அணைத்தார். குறட்டை பாதியில் நின்றது.

"மோட்டார் கட்டிலுக்கு அடியில இருக்கு. குழாய் சொட்டச் சொட்டத் தண்ணி அழுத்தம் குறையும், அதை ஏத்த அப்பப்ப எந்திரிச்சு உறுமும்" என்றார் ஓபல். பிறகு ஜெரேனியம் இலையில் இருந்த தண்ணீரை விரலால் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"எனக்கும் அப்பத் தெரியாது, எங்க வீட்டுக்காரர் வால்டர் ரெண்டு குளிர்காலம் வெளிய கூடாரத்துலதான் படுத்தாரு, அவரை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியும் குறட்டை கேட்டுச்சு."